ஊட்டிக் குளிரில் பிராட்வர்ஸ்ட்: ஆறு வருட அடுப்படி அனுபவம்

கோயம்புத்தூர் போனால் ஐஸ் பெட்டியில் பிராட்வர்ஸ்ட் என்ற ஜெர்மன் சாசேஜ் வாங்கிக்கொண்டு மலையேறுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மாதம் இரண்டு முறையாவது சமைக்கிறேன். ஆறு வருடத்தில் செய்யாத முறை இல்லை.

முதல் தடவை தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து நேராகப் போட்டேன். தோல் வெடித்துக் கருகியது, வெட்டினால் நடுவில் பச்சை. அடுத்த முறை வெடிக்கக் கூடாதே என்று முள்கரண்டியால் குத்தினேன். கொழுப்பு முழுக்க ஒழுகி, சக்கை மாதிரி ஆகிவிட்டது. தயவுசெய்து குத்தாதீர்கள். அந்தக் கொழுப்புதான் ருசி.

பழைய ஜெர்மன் மொழியில் 'பிராட்' என்றால் கொத்திய இறைச்சி. பன்றி இறைச்சியை அரைத்துப் பச்சையாகவே அடைத்திருப்பார்கள், அதனால் உள்ளே 71 டிகிரி வரை சூடேற வேண்டும். ஏற்கெனவே வேகவைத்து விற்பதும் உண்டு, பாக்கெட்டைப் படித்துவிடுங்கள். நியூரம்பெர்க் வகை 7 முதல் 9 சென்டிமீட்டர்தான், மெல்லியது, நேராகக் கல்லில் போடலாம். தடிமனான துரிங்கியா வகைக்கு அது சரிப்படாது.

தடியானவற்றை முதலில் வெந்நீரில் போடுகிறேன். தண்ணீரில் வெங்காயம், மிளகு, ஒரு பிரிஞ்சி இலை. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி குறைவுதானே என்று தளதளக்க விட்டேன், அப்போதும் தோல் கிழிந்தது. ஆவி பறக்க வேண்டும், குமிழி வரக் கூடாது. அந்தச் சூட்டில் பதினைந்து நிமிடம். அப்புறம் எடுத்து, ஈரத்தைத் துணியால் ஒற்றி, வெண்ணெய் தடவிய கல்லில் புரட்டிப் புரட்டிச் சிவக்க வைக்கிறேன். விருந்தாளி வந்தால் இதுதான்.

அவசர நாளில் வாணலியில் அரை டம்ளர் தண்ணீர், மேலே மூடி, சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மூடியை எடுத்ததும் தண்ணீர் வற்றி, அதன் கொழுப்பிலேயே பொரியும். ஒரே பாத்திரம். எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான்.

ஏர் ஃப்ரையரில் தோல் காய்ந்து ரப்பராகிறது, ஆறேழு முறைக்குப் பின் விட்டுவிட்டேன். ஓவன் பரவாயில்லை, 180 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம், பாதியில் திருப்ப வேண்டும்.

கரி அடுப்பு தனி சுகம். சீகை விறகைக் கனலாக்கி, கனலை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் பிராட்வர்ஸ்ட்டை வைத்து வேகவிட்டு, கடைசியில்தான் கனல் மேல் நகர்த்துவேன். கற்பூர மரக் கட்டை வேண்டாம், தைல வாடை இறைச்சியில் ஏறிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுச் சமையலும் வீணானது.

கூடவே புளித்த முட்டைக்கோஸ். நம் மலைக் கோஸ் ஒரு கிலோவை மெல்லிசாகச் சீவி, 20 கிராம் உப்புப் போட்டுப் பிசைந்து, அது விடும் நீரிலேயே முழுக அமுக்கி, ஜாடியில் வைக்கிறேன். வெயில் காலத்தில் நான்கு வாரம், மார்கழியில் ஆறு வாரமும் ஆகும். அம்மா இதைத் தொடவே மாட்டார்கள். வெந்த உருளைக்கிழங்கை வாணலியில் மிஞ்சிய கொழுப்பில் மிளகுத்தூளோடு வதக்கிக் கொடுத்தால், இரண்டு துண்டு பிராட்வர்ஸ்ட்டும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள்.