ரெண்டு கோடு வந்தும் முட்டை வரவில்லை: பி.சி.ஓ.எஸ். உடன் 16 மாத ஸ்ட்ரிப், தெர்மாமீட்டர் அனுபவம்

எனக்கு நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) இருப்பது 24 வயதிலேயே தெரியும். பீரியட்ஸ் சீக்கிரம் வந்தால் 37 நாள், இழுத்தால் 63 நாள். மாதாமாதம் வராதது ஒருவகையில் நிம்மதி என்றுகூட அப்போது நினைத்ததுண்டு. குழந்தைக்கு முயற்சி செய்ய ஆரம்பித்ததும்தான், முட்டை என்றைக்கு வருகிறது, வருகிறதா என்பதே தெரியாமல் திண்டாடினேன்.

முதலில் போனில் ஓர் ஆப். பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து 14ஆம் நாள் முட்டை வரும் என்று பூ போட்டுக் காட்டியது. அது 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களின் கணக்கு. எனக்கு 14ஆம் நாள் எதுவுமே தொடங்கியிருக்காது. இப்போது தேதி குறித்து வைக்க மட்டும் அதைத் திறக்கிறேன்.

அப்புறம் ஸ்ட்ரிப். முட்டை வெளியேறுவதற்கு ஏறக்குறைய 24 முதல் 36 மணி நேரம் முன்பு எல்.எச். என்ற ஹார்மோன் சட்டென்று ஏறும். சிறுநீரில் அதைத்தான் ஸ்ட்ரிப் பிடிக்கிறது. நான் செய்த முதல் தப்பு, கர்ப்பம் பார்க்கிற கிட் மாதிரி ரெண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலே ஆமாம் என்று எடுத்துக்கொண்டது. இதில் அப்படிக் கிடையாது. சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருந்தால்தான் பாசிட்டிவ். இதைப் புரிந்துகொண்ட பிறகும் சண்டை தீரவில்லை. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, "ஏங்க, ரெண்டும் ஒரே கலரா பாருங்க" என்பேன். "எனக்கு ரெண்டுமே ரோஸாதான் தெரியுது" என்பார். நல்ல உதவி.

உண்மையான சிக்கல் கலரில் இல்லை. பி.சி.ஓ.எஸ். இருக்கிற பலருக்கு எல்.எச். எப்போதுமே கொஞ்சம் மேலேயே நிற்கும். அதோடு, உடம்பு முட்டையை வெளியே தள்ள ஒருமுறை முயன்று, முடியாமல் விட்டு, ரெண்டு வாரம் கழித்து மறுபடி முயலும். ஒரு சுற்றில் எனக்கு 18ஆம் நாள் பளிச்சென்று பாசிட்டிவ். கொண்டாடினோம். பிறகு வெளிறிப்போய், 31ஆம் நாள் மறுபடி பாசிட்டிவ். நிஜமாக வந்தது ரெண்டாவதுதான். ஐந்து ஸ்ட்ரிப் இருக்கிற சின்ன டப்பா நமக்குத் தோதுப்படாது; 50 இருக்கிற பெட்டியாக வாங்குங்கள். காலை முதல் சிறுநீரைவிட மதியத்தில் பார்ப்பது எனக்கு ஒத்துவந்தது, அதற்கு முன்னால் ரெண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடிக்காமல். தினமும் பார்த்ததை நோட்டில் வரிசையாக டேப் போட்டு ஒட்டினேன். ஒற்றை ஸ்ட்ரிப்பைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பத்து நாள் வரிசையைப் பார்த்தால் நம் வழக்கமான கலர் எது, ஏறியது எது என்று புரியும்.

31ஆம் நாள்தான் நிஜம் என்று எப்படித் தெரிந்தது? தெர்மாமீட்டரால். மூன்றாவது சுற்றிலிருந்து அதைப் பயன்படுத்துகிறேன். காய்ச்சலுக்கு வைப்பது போதாது. புள்ளிக்குப் பிறகு ரெண்டு இலக்கம் காட்டுவது வேண்டும். கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன்பே, தினமும் ஒரே நேரத்தில் நாக்குக்கு அடியில். முட்டை வெளியேறிய பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுவதால் உடல் சூடு 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடி, அடுத்த பீரியட்ஸ் நெருங்கும்வரை அப்படியே நிற்கும். எனக்கு 36.3 பக்கம் ஆடிக்கொண்டிருந்தது அந்தச் சுற்றில் 33ஆம் நாள் 36.6 ஆனது. இறங்கவில்லை. 46ஆம் நாள் பீரியட்ஸ்.

குறை என்னவென்றால், இது நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். சூடு ஏறியதைப் பார்த்துவிட்டு முயன்றால் பெரும்பாலும் பஸ் போயிருக்கும். மார்கழியில் வேறு தொல்லை: ஈரோட்டில் எங்கள் தெருக் கோயில் ஸ்பீக்கர் நாலரைக்கே எழுப்பிவிட, ஒரு மாதம் முழுக்க கிராஃப் கோணல்மாணல். அத்தை ஒருநாள் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, தெனமும் காய்ச்சலா?" என்று நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

வெள்ளைப்படுதலையும் கவனித்தேன். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுவென்று, விரலில் இழுத்தால் நூலாக நீண்டால் நாள் நெருங்குகிறது என்பார்கள். எனக்கு ஒரே சுற்றில் மூன்று முறை அப்படி வந்தது. அதனால் தேதி பிடிப்பதை விட்டு, அது தெரிகிற நாட்களிலும் மற்றபடி ஒருநாள் விட்டு ஒருநாளும் என்று வைத்துக்கொண்டோம். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை தாங்கும், முட்டைக்கு ஆயுள் ஒருநாள்தான். காத்திருக்க வேண்டியது விந்தணுதான், முட்டை இல்லை.

ஒரு மனக்குறை. ஒரு கிளினிக்கில் 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். 0.6 வந்தது. "முட்டையே வரலம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அதே சுற்றில் 34ஆம் நாள் சூடு ஏறியது! 21 என்பதும் அந்த 28 நாள் கணக்குதான். அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்பு எடுப்பதுதான் அதன் பொருள். சூடு ஏறி ஏழாம் நாள் நானே லேபில் கொடுத்துப் பார்த்தேன்: 9.4. மூன்றுக்கு மேல் இருந்தாலே முட்டை வெளியேறியதாகத்தான் கணக்கு.

தெர்மாமீட்டரோடு பார்த்த 8 சுற்றில் 5-ல் மட்டுமே ஏற்றம். அந்த நோட்டைத்தான் இப்போதைய டாக்டரிடம் கொண்டுபோனேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பரிசோதனைகள் முடித்து, முட்டை வளரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார், கூடவே முட்டைப் பை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிற ஃபாலிக்குலர் ஸ்கேன். 10ஆம் நாள் 12 மி.மீ., 12ஆம் நாள் 16, 14ஆம் நாள் 20. அன்று மதியம் ஸ்ட்ரிப்பும் கருஞ்சிவப்பு. 16ஆம் நாள் ஸ்கேனில் முட்டைப் பை இல்லை, கொஞ்சம் நீர் மட்டும், வெடித்துவிட்டது. காலையில் தெர்மாமீட்டரும் 36.62 காட்டியிருந்தது. மூன்றும் ஒரே பதில் சொன்னது அன்றுதான் முதல்முறை.

கரு தங்கவில்லை. 29ஆம் நாள் பீரியட்ஸ் வந்துவிட்டது. பாத்ரூமில் அழுதேன், பிறகு நோட்டில் எழுதும்போது பார்த்தால் என் வாழ்க்கையிலேயே 29 என்று ஒரு சுற்று இருந்ததில்லை. ரெண்டாவது சுற்று மாத்திரை நேற்று முடிந்தது. திங்கட்கிழமை ஸ்கேன். தெர்மாமீட்டருக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறேன்.