ஒன்றரை வருடம் மெக்னீசியம் சாப்பிட்டுப் பார்த்ததில்

வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் எடைப்பயிற்சி, வயது முப்பத்தேழு. மாத்திரை பற்றி யார் எழுதினாலும் நான் முதலில் தேடுவது இந்த விவரத்தைத்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பித்தது கெண்டைக்காலால். நடுராத்திரியில் தசை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எழுந்து நின்று பாதத்தைத் தரையில் அழுத்தினால்தான் விடும். கூட ஓடுகிற தோழி, "மெக்னீசியம் போடுடி, சரியாயிடும்" என்றாள். நானும் கையில் கிடைத்ததை வாங்கினேன். ஆக்ஸைடு வகை, டப்பாவில் 500 மி.கி. என்று பெரிய எழுத்து. நான்காம் நாள் காலை ஓட்டத்தில் பாதி வழியிலேயே வயிறு கலக்கிவிட்டது. வீட்டைப் பார்த்துத் திரும்பி ஓடிய வேகம்தான் அந்த மாதத்திலேயே என்னுடைய சிறந்த வேகம்.

ஆக்ஸைடில் மெக்னீசியம் எடைக்கு எடை அதிகம், சுமார் 60 சதவீதம். ஆனால் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கும். மலச்சிக்கலுக்கு அதையே மருந்தாகக் கொடுப்பதும் இதனால்தான்.

அப்புறம் மெக்னீசியத்தின் இன்னொரு வகையான கிளைசினேட்டுக்கு மாறினேன். வயிறு அமைதியானது. ஆனால் லேபிளில் ஒரு கணக்கு இருக்கிறது. முன்பக்கம் 1000 மி.கி. கிளைசினேட் என்று போட்டிருந்தாலும் அதில் உண்மையான மெக்னீசியம் சுமார் 140 மி.கி.தான்; மிச்சமெல்லாம் கிளைசின் என்ற அமினோ அமிலம். டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால்தான் அது தெரியும். எனக்குத் தெரிய இரண்டாவது டப்பா முடிய வேண்டியிருந்தது. 30 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 320 மி.கி. என்பது அமெரிக்கப் பரிந்துரை. அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே வந்துவிட முடியும். மாத்திரையாக மட்டும் எடுப்பதற்கு அங்கே 350 மி.கி. உச்சவரம்பு, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இன்னும் கறாராக 250 என்கிறது. எனக்கு 140 போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

சரி, பலன்? பிடிப்பு வந்த இரவுகளை நோட்டில் குறித்து வந்தேன். மாத்திரைக்கு முந்தைய மாதம் ஏழு இரவு, முதல் மாதம் ஆறு, அடுத்த மாதம் ஏழு. நான்காம் மாதம் திடீரென்று இரண்டுக்கு இறங்கியது. துள்ளிக் குதித்தேன். பிறகு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினால், அந்த மாதம்தான் நீண்ட ஓட்டத்தின் தூரத்தை வாராவாரம் ஏற்றுவதை நிறுத்தியிருக்கிறேன். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பும், வயதானவர்களின் பிடிப்புக்கு மெக்னீசியம் சொல்லிக்கொள்ளும்படி உதவ வாய்ப்பில்லை என்றுதான் முடிக்கிறது. உடற்பயிற்சியால் வரும் பிடிப்புக்கோ, சேர்த்துக்கொள்ளும் தரத்தில் ஒரு சோதனைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தூக்கம் கொஞ்சம் ஆழமானதுபோல் இருந்தது. ஆனால் அதே சமயத்தில் இரவில் போனை வேறு அறையில் வைக்கவும் ஆரம்பித்திருந்தேன், ஆகவே பெருமை யாருக்கு என்று என்னால் சொல்ல முடியாது.

இந்த ஒன்றரை வருடத்தில் உண்மையாக என்னை மாற்றியது மெக்னீசியமே இல்லை, இரும்புச்சத்து.

ஆறாம் மாதத்தில் கால்கள் ஈயம் ஊற்றியதுபோல் கனத்தன. எப்போதும் பேசிக்கொண்டே ஏறும் மேட்டில் மூச்சு வாங்கியது. மெக்னீசியம் பற்றவில்லை போலிருக்கிறது என்று இரண்டாக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. முதலில் பார்த்த மருத்துவர் ஹீமோகுளோபின் 12.1, நார்மல்தான், ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது மருத்துவர்தான் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொன்னார். வெறும் 11. அதாவது சம்பளம் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது, சேமிப்பு துடைத்து வைத்தாற்போல் காலி. அமெரிக்கப் பரிந்துரைப்படி மாதவிடாய் உள்ள பெண்ணுக்குத் தினம் 18 மி.கி. இரும்பு வேண்டும், ஆணுக்கு 8 போதும். ஓடுகிறவர்களுக்குப் பாதம் தரையில் மோதி மோதிச் சிவப்பணுக்கள் உடைகிற கூடுதல் செலவும் உண்டு.

இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கச் சொன்னார். தினமும் போட்டால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த நாள் இரும்பு உள்ளே போகும் வாசலை அடைத்துவிடுமாம். கடும் பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள்ளும் அதே ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். அதனால் ஓட்டத்துக்கு முன்பே, காலை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டேன். காபி ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. அதுதான் நிஜமான தியாகம். நான்கு மாதத்தில் ஃபெரிட்டின் 34. மேடு மறுபடி பேச்சுக்கு இடம் கொடுத்தது. ஆனால் பரிசோதிக்காமல் இரும்பை எடுத்துவிடாதீர்கள். அதிகமானதை வெளியேற்ற உடம்பிடம் தனி வழி கிடையாது.

மெக்னீசியத்துக்கு இப்படி ஒரு சுலபமான சோதனையும் இல்லை. உடம்பில் இருக்கும் சுமார் 25 கிராமில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் ரத்தத்தில் ஓடுகிறது. பாதிக்கு மேல் எலும்பில். ரத்த அளவு நார்மல் என்றால் இருப்பு நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை.

நடுவில் துத்தநாகம் சேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கான கலவை ஒன்றையும் முயன்றேன். வெறும் வயிற்றில் குமட்டல். கூடவே எடுத்த மல்டிவிட்டமினையும் கூட்டிப் பார்த்தால் துத்தநாகம் மட்டும் 35 மி.கி. பெண்ணுக்குத் தேவை 8, உச்சவரம்பு 40. நீண்ட நாள் மிகையாகப் போனால் தாமிரச்சத்து குறையும். மூன்று வாரத்தில் விட்டேன்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரும்பு, கால்சியம், மெக்னீசியம் எதுவானாலும் நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். சில ஆன்டிபயாடிக்குகளுக்கும் இடைவெளி தேவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மெக்னீசியத்தைத் தொடவே கூடாது, வெளியேறாமல் தேங்கிவிடும்.

இப்போது இரவில் ஒரு கிளைசினேட் மட்டும் போகிறது, அதுவும் பழக்கத்தால்தான் என்று சந்தேகம். இரும்பை நிறுத்தியாயிற்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபெரிட்டின் பார்க்கிறேன். முதலில் வாங்கிய ஆக்ஸைடு டப்பாவைத் தூக்கிப் போடவில்லை. இரும்பு மாத்திரை போட்ட அந்த நான்கு மாதமும் வந்த மலச்சிக்கலுக்கு அதுதான் கைகொடுத்தது.