வெளிநாட்டில் இறையியல் படிக்க ஏஜென்ட்டிடம் பணம் கட்டப் போகிறீர்களா? கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

1,85,000 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கினவர்களிடம் இப்போது இந்தத் தொகையைச் சொன்னால் காது கேட்பதில்லை. என் தங்கச்சியை அமெரிக்காவில் இறையியல் முதுகலை படிக்க அனுப்புகிறோம் என்று சொல்லி, ராமநாதபுரம் டவுனில் மாடியில் இருக்கிற ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை நிலையம் வாங்கிய பணம் இது. பெயர் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்களுக்கு ஊர் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தங்கச்சி பி.ஏ. வரலாறு, இங்கிலீஷ் மீடியம், அழகப்பா பல்கலைக்கழகப் பட்டம். அவளுக்குக் கன்னியாஸ்திரி ஆகிற எண்ணம் எல்லாம் கிடையாது. இதை ஊரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி எங்களுக்கு அலுத்துவிட்டது. மக்கள் எப்படிக் கும்பிடுகிறார்கள், ஏன் கும்பிடுகிறார்கள் என்பதை ஆய்வாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் எடுத்துக்கொண்டது கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போய்விட்டது, ஆனால் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா வேண்டியதில்லை என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. இரண்டு நாட்டு மீனவர்களும் ஒரே பூசையில் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போடுகிறார்கள். அப்புறம் கடலுக்குப் போனால் வலை அறுந்தது, படகு பிடிபட்டது என்று பகை. இந்த இரண்டும் ஒரே ஆட்களுக்குள் எப்படி இருக்கிறது என்று நாலு பக்கம் எழுதி வைத்திருந்தாள். அண்ணன்காரன் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நன்றாகவே எழுதியிருந்தாள்.

அந்த நாலு பக்கத்தை வைத்துத்தான் எங்களைக் கவிழ்த்தார்கள். போன அக்டோபரில் அந்த ஆபீஸ் முதலாளி அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எங்கள் முன்னாலேயே முழுதாகப் படித்தார். அதற்கு முன் நாங்கள் விசாரித்த இடங்களில் எல்லாம் "இறையியலா? எம்.பி.ஏ. பாருங்க" என்றுதான் சொன்னார்கள். இவர் படித்து முடித்துவிட்டு, "பாப்பா, இப்படி ஒரு பிள்ளை வரணும்னுதான் இந்தக் கடையவே திறந்து வெச்சிருக்கேன்" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரில் சிலுவை, அதற்குப் பக்கத்தில் பட்டமளிப்பு அங்கி போட்ட பிள்ளைகளின் படங்கள். தானும் கடற்கரைக்காரன்தான், தாத்தா தோணி ஓட்டினவர் என்றார். அப்புறம் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல், நல்ல இங்கிலீஷ். அட்மிஷன் ஆபீஸ் என்றார். "இந்தப் பிள்ளை மிகவும் தகுதியானவள், மிஷன் கோட்டாவில் இடம் ஒதுக்கலாம்" என்றது அந்தக் குரல்.

அப்போது காலை 11 மணி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அது நள்ளிரவு தாண்டி 1.30. எந்தப் பல்கலைக்கழகத்தில் அந்த நேரத்துக்கு அட்மிஷன் ஆபீஸ் திறந்திருக்கும் என்று அந்த ஆள்தான் வந்து சொல்ல வேண்டும்.

பணம் வாங்கிய விதத்தைக் கேளுங்கள். பதிவுக் கட்டணம் 25,000. ஸ்காலர்ஷிப் பிராசஸிங் 60,000. ஐ-20 முன்பதிவு என்று 1,00,000. ரசீது 25,000-க்கு மட்டும். மீதி எல்லாம் அவர் மனைவி பேரில் இருந்த நம்பருக்கு ஜிபே. அம்மா தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் கொண்டுபோய் அடகு வைத்தார். மிஷன் கோட்டா, ரிலீஜியஸ் விசா, தூதரகத்தில் இன்டர்வியூவே கிடையாது என்றார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. மத வேலைக்குப் போகிறவர்களுக்கான ஆர்-1 விசா என்று ஒன்று உண்டு, அதற்கு அங்கே வேலை கொடுக்கிற சபை மனுப் போட வேண்டும். படிக்கப் போகிறவருக்கு எஃப்-1தான். ஐ-20 என்பது இடம் கிடைத்து, செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டிய பிறகு பல்கலைக்கழகமே தருகிற படிவம். இடையில் நின்று யாரும் அதை முன்பதிவு செய்ய முடியாது, ரயில் டிக்கெட்டா அது? அதன் பிறகு கட்டுகிற செவிஸ் கட்டணம் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கானது) 350 டாலர், அதையும் மாணவரே நேராக இணையத்தில் கட்டிவிடலாம்.

அங்குள்ள இறையியல் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு டிசம்பர், ஜனவரியில் கடைசித் தேதி முடிந்துவிடும், சிலவற்றுக்குப் பிப்ரவரி. ஜனவரியில் கேட்டபோது "போட்டாச்சு தம்பி, கவலையே வேண்டாம்." பிப்ரவரியில் "சர்வர் டவுன்." கச்சத்தீவுத் திருவிழா முடிந்து வந்து கேட்டபோது "சார் மீட்டிங்ல இருக்கார்." ஏப்ரலில் போப் பிரான்சிஸ் இறந்தார் இல்லையா, அதற்கு மறுநாள் அந்த ஆள் சொன்னதை அப்படியே போடுகிறேன்: "போப்பே போயிட்டாரு, உலகம் பூரா தியாலஜி அட்மிஷனை நிறுத்தி வெச்சிருக்காங்க, உனக்குத் தெரியாதா?" விண்ணப்பித்ததாகச் சொன்னது புராட்டஸ்டண்ட்காரர்கள் ஆரம்பித்த ஒரு பள்ளி. போப்புக்கும் அதன் அட்மிஷனுக்கும் என்ன சம்பந்தம்? சாவை வைத்துக்கூடச் சாக்கு சொல்ல வாய் வருகிறது பாருங்கள்.

அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். முதலாளி பின்வாசல் வழியாகப் போய்விட்டார். சாயங்காலம் அங்கே வேலை பார்க்கிற ஒரு பிள்ளை, பாவம், எங்களைப் பார்க்கச் சகிக்காமல் தங்கச்சியின் விண்ணப்பக் கணக்கு பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தங்கச்சி கையில் கொடுத்தது. திறந்து பார்த்தால் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்படவே இல்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டவில்லை. 100 டாலர்கூட இல்லாத கட்டணம் அது! 1,85,000 வாங்கினவர்களுக்கு அதைக் கட்ட மனசு வரவில்லை.

உள்ளே இருந்த கட்டுரையைப் பார்த்துத் தங்கச்சி அழவில்லை, சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் எழுதிய நாலு பக்கத்தில் ஒரு வரிகூட அதில் இல்லை. கச்சத்தீவு இல்லை, அந்தோணியார் இல்லை. "என் தந்தை ஒரு போதகர், நான் ஆலய வளாகத்திலேயே வளர்ந்தேன்" என்று ஆரம்பிக்கிறது. யாரோ ஒரு சபை ஊழியரின் பிள்ளைக்கு எழுதியதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். கடலில் வலை இழுக்கிற எங்கள் அப்பா போதகராம். பரிந்துரைக் கடிதத்துக்கு எங்கள் பங்குத்தந்தை பேரில் ஒரு ஜிமெயில் முகவரி இருந்தது. ஃபாதரிடம் காட்டினோம். "இது என் முகவரியே இல்லப்பா, நான் எதுவும் எழுதவும் இல்ல" என்றார். இது மட்டும் போய்ச் சேர்ந்து பல்கலைக்கழகம் கண்டுபிடித்திருந்தால் பழி யாருக்கு? என் தங்கச்சிக்குத்தானே.

தேர்ந்தெடுத்திருந்த படிப்பு அதைவிட மோசம். டி.எச்.எம். என்று போட்டிருந்தார்கள். இறையியலில் ஏற்கெனவே எம்.டிவ். அல்லது பி.டி. (இறையியல் இளநிலை) முடித்தவர்களுக்கான மேல்படிப்பு அது. பி.ஏ. வரலாறு படித்தவள் போட வேண்டியது ஹார்வர்டில் எம்.டி.எஸ்., யேலில் எம்.ஏ.ஆர். மாதிரியான இரண்டு வருட முதுகலைப் படிப்புகளுக்கு. எம்.டிவ். மூன்று வருடம், பெரும்பாலும் ஊழியத்துக்குப் போகிறவர்கள் படிப்பது. இந்த வித்தியாசம்கூடத் தெரியாதவர்கள், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பி.டி. சேரலாமா என்று தங்கச்சி ஆரம்பத்தில் கேட்டபோது, "செராம்பூர் பட்டமெல்லாம் அங்க செல்லாது பாப்பா" என்று சிரித்தார்கள். அரசரடியில் படித்தால் கிடைப்பது வங்காளத்தில் இருக்கிற செராம்பூர் கல்லூரியின் பட்டம். அந்தக் கல்லூரி 1818-ல் தொடங்கியது, பட்டம் தர 1827-லேயே டென்மார்க் அரசரிடம் சாசனம் வாங்கியது. டி.எச்.எம். படிப்புக்குக் கேட்பதே அந்த மாதிரி ஒரு பி.டி.யைத்தான்!

தங்கச்சி அந்தப் பள்ளிக்கு நேராக ஒரு மெயில் போட்டாள். மறுநாளே பதில், அவ்வளவு மரியாதையாக. இந்த வருடத் தேதி முடிந்துவிட்டது, அடுத்த வருடம் எம்.டி.எஸ்.சுக்கு விண்ணப்பியுங்கள், கட்டண விலக்கு கேட்கலாம், உதவித்தொகைக்கு யாருக்கும் எந்தப் பணமும் கட்ட வேண்டாம் என்று. யேல் இறையியல் பள்ளி 2022-லிருந்து பணத் தேவையைக் காட்டுகிற மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதையும் உதவித்தொகையாகவே தருகிறது. இதற்குத்தான் எங்களிடம் ஸ்காலர்ஷிப் பிராசஸிங் 60,000.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் முதலில் "சர்வீஸ் சார்ஜ், ரிஃபண்ட் கிடையாது." அப்புறம் "பாதி தர்றேன்." இப்போது "தடைக்காலம் முடியட்டும் தம்பி, ஜூன் 14 கழிச்சு வாங்க." மீன்பிடித் தடைக்காலம் எங்களுக்குத்தான். 61 நாள் படகு கரையில் நிற்கிறது, வருமானம் இல்லை, அடகுக்கு வட்டி ஓடுகிறது. மாடியில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன தடைக்காலம்?

கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன் என்றேன். எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பக் கணக்கை உங்கள் மெயிலிலேயே தொடங்குங்கள், பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். பரிந்துரை எழுதுகிறவரின் மெயில் முகவரியை அவர் வாயாலேயே கேட்டு வாங்குங்கள். கோட்டா என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தனி ஆள் நம்பருக்கு ஜிபே வேண்டாம். உள்ளூரிலேயே படிக்க நினைத்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ ஆய்வு, சைவ சித்தாந்தம், வைணவம், சமணம் என்று தனித்தனித் துறைகளே இருக்கின்றன, அதையும் விசாரியுங்கள். ஏமாந்தது தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

"படித்த பிள்ளைகள் நீங்களே இப்படியா?" என்று கமென்டில் கேட்கப் போகிறவர்கள் தயவுசெய்து வேறு பக்கம் போங்கள். ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கம் இதே மாதிரி மிஷன் கோட்டா என்று பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடு எனக்குத் தனியாக மெசேஜ் பண்ணுங்கள். அடுத்த வாரம் புகார் கொடுக்கிறோம், சேர்த்தே கொடுத்துவிடலாம்.