எஸ்விஜி-யை பிடிஎஃப் ஆக்க கமாண்ட் லைனில் எது நல்லது?

எஸ்விஜி என்பது பிக்சலாக இல்லாமல் கோடு, வடிவங்களாகவே பதிவாகும் வெக்டர் படம். அதை பிடிஎஃப் ஆக்க டெர்மினலில் பெரும்பாலும் நான்கு கருவிகளில் ஒன்றைத்தான் எடுப்போம்: இமேஜ்மேஜிக், கெய்ரோஎஸ்விஜி, ஆர்எஸ்விஜி-கன்வர்ட், இங்க்ஸ்கேப். நான்கும் ஒரு பிடிஎஃப் கொடுத்துவிடும். அதற்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

இமேஜ்மேஜிக்கை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது கோடுகளை பிக்சலாக்கி, அந்தப் படத்தை பிடிஎஃப்புக்குள் வைத்துத் தருகிறது. டென்சிட்டியை (ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதை) 300, 600 என்று கூட்டினால் கோப்பின் அளவுதான் கூடும், வெக்டர் திரும்பி வராது. பிஎன்ஜி மாதிரி பிக்சல் படம்தான் வேண்டுமென்றால் சரி.

கெய்ரோஎஸ்விஜி பைத்தானில் எழுதியது. ஐகான், லோகோ மாதிரி வெறும் வடிவங்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். தமிழ் எழுத்து வந்ததும் சிக்கல். ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், யூனிகோடில் ககரத்துக்கு அடுத்துத்தான் பதிவாகிறது. அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது ஷேப்பிங்கின் வேலை. கெய்ரோஎஸ்விஜி பயன்படுத்தும் எளிய எழுத்து வசதியில் அது கிடையாது. அதனால் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். ‘கு’, ‘மூ’ எல்லாம் உடையும். தமிழ் போஸ்டர் செய்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆர்எஸ்விஜி-கன்வர்ட் எழுத்தை, ஷேப்பிங் தெரிந்த பாங்கோ என்ற நூலகம் வழியாக வரைவதால் தமிழ் சரியாக விழும். சட்டென்று முடிக்கும், ஒரு ஃபோல்டர் முழுக்க மாற்ற லூப் போட்டு விட்டுவிடலாம். அன்றாட வேலைக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் பழைய இங்க்ஸ்கேப் கோப்புகளில் பெட்டிக்குள் ஓடவிட்ட பத்திகள் இதில் வராது.

அப்படிப்பட்ட கோப்புக்கும் அச்சகத்துக்குப் போகும் கடைசிப் பிரதிக்கும் இங்க்ஸ்கேப்தான். ஒவ்வொரு முறையும் எழுந்திருக்க நேரம் எடுக்கும்; நிறையக் கோப்புகள் இருந்தால், ஒரே தடவை திறந்து கட்டளைகளை வரிசையாகக் கொடுக்கும் ஷெல் மோடில் ஓட்டுங்கள். எழுத்தைப் பாதையாக (வெறும் வடிவமாக) மாற்றும் ஆப்ஷன் இருப்பதால் அச்சகத்தில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. அப்புறம் அந்த பிடிஎஃப்பில் சொல்லைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2020-இல் வந்த 1.0 பதிப்பில் ஏற்றுமதி ஆப்ஷன்களின் பெயர்கள் மாறிவிட்டன. பழைய ஸ்கிரிப்ட் திடீரென்று நின்றால் முதலில் அதைப் பாருங்கள்.

எதில் மாற்றினாலும், பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்புடன் வரும் பிடிஎஃப்இமேஜஸை லிஸ்ட் ஆப்ஷனோடு ஒரு தடவை ஓட்டுங்கள்; பிடிஎஃப்புக்குள் இருக்கும் பிக்சல் படங்களை அது பட்டியலிடும். நிழல், மங்கல் போட்ட இடங்களும் நீங்களே சேர்த்த போட்டோக்களும் படமாகத் தெரிவது இயல்பு. பக்கம் முழுவதும் ஒரே படமாக வந்திருந்தால் அதை அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள்.