நான்கு ஆண்டு தியானப் பயிற்சி: ஒரு குழுத் தலைவராக நான் கண்டது

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மீட்டிங்கில், தவறான எண்களோடு வந்த இளைஞர் ஒருவரை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். அந்த எண்களை அனுப்பியதே நான்தான் என்று அன்று மாலை பழைய மெயிலைத் தேடியபோது தெரிந்தது. மன்னிப்பு கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றார். அதன் பிறகு அவர் எந்த மீட்டிங்கிலும் தானாக வாய் திறக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் வேறு குழுவுக்குப் போய்விட்டார்.

அதை என்னால் மறக்க முடியவில்லை. அப்படித்தான் 8 வார மனக்கவனப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று பரவலாகச் சொல்லப்படும் பயிற்சியின் ஒரு வடிவம் இது. 1979இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவில், மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடும் மன அழுத்தத்தோடும் வாழ்ந்த நோயாளிகளுக்காகத் தொடங்கியது. வாரம் ஒரு வகுப்பு, அது போக வீட்டில் தினமும் 45 நிமிடம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த 45 நிமிடம்தான் பெரிய சுவர். முதல் மூன்று வாரம் பாதி நாள் தூங்கிவிட்டேன்.

எனக்கு உண்மையில் பயன்பட்டது, படுத்துக்கொண்டு கால் விரலில் தொடங்கித் தலை வரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனிக்கும் பயிற்சி. ஐந்தாவது வாரம் போல ஒன்று பிடிபட்டது. எனக்குக் கோபம் மனதில் தெரிவதற்கு முன்பே தாடையில் தெரிகிறது. பல் இறுகும், மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். அதற்கு நாலைந்து வினாடி கழித்துத்தான் வார்த்தை வரும். அந்த நாலைந்து வினாடி எனக்கு இருக்கிறது என்பதே அதுவரை தெரியாது. தாடை இறுகினால் மூன்று மூச்சு விட்டுவிட்டுப் பேசுவது என்று பழகினேன். குரல் உயர்வது ஏறக்குறைய நின்றே போனது.

சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். எட்டு மாதம் கழித்து, குழுவில் நீண்ட நாளாக இருக்கும் ஒருவர் தனியாகப் பேசும்போது சொன்னார்: "சார், முன்னாடி திட்டிட்டு மறந்துடுவீங்க. இப்ப நீங்க அமைதியா இருக்கிறப்பதான் எங்களுக்குப் பயமா இருக்கு. என்ன நினைக்கிறீங்கன்னே தெரியல."

என் மூன்று மூச்சு அவர்களுக்கு மூன்று மூச்சாகத் தெரியவில்லை, தண்டனை மாதிரி தெரிந்திருக்கிறது. 1955இல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு உளவியலாளர்கள் உருவாக்கிய, தன்னை அறிய உதவும் ஜோஹரி சாளரம் என்ற படத்தில் நான்கு கட்டங்கள் உண்டு. அதில் ஒன்று, மற்றவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது என்ற கட்டம். எத்தனை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தாலும் அந்தக் கட்டம் திறக்காது. யாராவது வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. தன்னை அறிவதைத் தனியாக உட்கார்ந்து செய்யும் வேலை என்று நினைத்ததுதான் என் பெரிய தவறு.

ஆகவே கேட்கத் தொடங்கினேன். "நான் எப்படி நடந்துக்கிறேன்?" என்று கேட்டால் "நல்லாதான் சார்" என்றே பதில் வரும். இப்போது இப்படிக் கேட்கிறேன்: "போன வாரம் நான் செஞ்சதுல உங்க வேலையைக் கஷ்டமாக்கினது எது?" பதில் வந்தால் விளக்கம் சொல்வதில்லை. நன்றி சொல்லிக் குறித்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் எதை மாற்றினேன் என்று மட்டும் சொல்கிறேன். உண்மையான பதில்கள் வர ஆறு மாதம் ஆனது. மீட்டிங்கில் மௌனமாகும்போது "யோசிக்கிறேன், ஒரு நிமிஷம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வாக்கியம் நிறைய மாற்றியது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு, குழு களைத்துப் போயிருந்த நேரத்தில் எல்லாருக்கும் ஒரு தியான வகுப்பு ஏற்பாடு செய்தேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது வகுப்பு இல்லை, கூடுதலாக இரண்டு ஆள். வேலைச் சுமையைக் குறைப்பது என் பொறுப்பு. அதை மூச்சுப் பயிற்சியாக மாற்றி அவர்கள் தலையில் வைத்தது நியாயமே இல்லை. இரவு 11 மணிக்கு மெயில் அனுப்புவதும் அப்படித்தான். "உடனே பதில் வேண்டாம்" என்று எழுதிப் பார்த்தேன், உடனே பதில் வந்தது. இப்போது காலை 9 மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வைத்துவிடுகிறேன்.

இன்னொன்று. அப்பா இறந்த சமயத்தில் கண்ணை மூடி உட்கார்வது என்னை மோசமாக்கியது. மூன்று மாதம் நிறுத்திவிட்டு, நடந்தேன், ஒரு மனநல ஆலோசகரிடம் பேசினேன். துக்கத்திலோ பழைய அதிர்ச்சியிலோ இருப்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தியானத்தைத் தொடர வேண்டியதில்லை.

தியான ஆப்களைப் பற்றிக் கேட்பீர்கள். தொடக்கத்தில் வழிநடத்தும் குரல் உதவியது. தொடர்ந்து எத்தனை நாள் செய்தோம் என்று எண்ணிக் காட்டும் வசதிதான் எனக்கு ஆகவில்லை. 40 நாளுக்கு அப்புறம் ஒரு நாள் விட்டுப்போனதும் இரண்டு வாரம் உட்காரவே இல்லை. மனம் அலைகிறதே என்று வருந்தவும் வேண்டாம். 2010இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்று, சுமார் 2,250 பேரிடம் போன் வழியாக அவ்வப்போது கேட்டுப் பார்த்ததில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் வேறெங்கோ இருக்கிறது என்றது. அலைந்ததைக் கவனித்துத் திரும்புவதே பயிற்சி.

இப்போது காலையில் 15 நிமிடம், கடினமான மீட்டிங்குக்கு முன் 2 நிமிடம், வெள்ளிக்கிழமை நோட்டில் அரைப் பக்கம். அவ்வளவுதான். வீடியோ மீட்டிங்கில் மட்டும் இன்னும் கைவரவில்லை. தாடை இறுகுவது தெரிவதற்குள் பேசிவிடுகிறேன். அதனால் மைக்கை அணைத்தே வைத்திருக்கிறேன். அதைத் திரும்பப் போட ஆகும் இரண்டு வினாடியில் சில சமயம் என்னைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. இப்படி மைக்கை அணைத்து வைக்கத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது.