பெரிய ரிசீவரா, தனி அம்பிளிபயரா? வீட்டுத் தியேட்டருக்கு ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் வீட்டு ஹோலிலேயே தியேட்டர் அளவுக்குச் சத்தம் வேண்டும் என்பவர்கள் பொதுவாக இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்கிறார்கள். கைக்கு எட்டிய பணத்தில் ஆகப் பெரிய ஏவி ரிசீவரை (படத்தையும் ஒலியையும் வாங்கி, ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வாங்கி எல்லாப் பாரத்தையும் அதன் தலையில் போடுவது ஒன்று. நடுத்தர ரிசீவரோடு நின்றுகொண்டு, முன்பக்க ஸ்பீக்கர்கள் மூன்றுக்கும் தனியாகப் பவர் அம்பிளிபயர் பூட்டுவது மற்றது. சத்தமே நோக்கமாயின் இரண்டாவதே சரி என்பது என் முடிவு. ஆயினும் அந்தத் தனி அம்பிளிபயர் தேவையா என்பதையே ஸ்பீக்கரின் உணர்திறன்தான், அதாவது ஒரு வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் தருகிறது என்பதுதான், தீர்மானிக்கிறது.

திரைப்பட ஒலியின் நியம அளவின்படி, பிரதான ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் நாம் இருக்கும் இடத்தில் 105 டெசிபெல் உச்சத்தை எட்டவேண்டும். சப்வூபருக்கான தடம் 115 டெசிபெல்லை எட்டவேண்டும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளக்கும்போது 88 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று மீற்றர் தள்ளி இருந்தால் ஏறத்தாழ ஒன்பதரை டெசிபெல் குறையும். ஆகவே 105ஐத் தொடுவதற்கு 450 வாட் அளவில் தேவைப்படும். அதே இடத்தில் 96 டெசிபெல் உணர்திறனுள்ள ஹோர்ன் வகை ஸ்பீக்கரை வைத்தால் 70 வாட் போதும். (அறைச் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் உண்மையில் இதிலும் சற்றுக் குறைவாகவே தேவைப்படும், இது பாதுகாப்பான பக்கத்தில் நின்று போட்ட கணக்கு.)

இப்போது ரிசீவர்களைப் பார்க்கலாம். டெனன் ஏவிஆர்-எக்ஸ்3800எச் ஒரு சனலுக்கு (ஒரு ஸ்பீக்கருக்கான வழிக்கு) 105 வாட், ஒன்கியோ டிஎக்ஸ்-ஆர்இசட்50 120 வாட், யமாஹா ஆர்எக்ஸ்-ஏ6ஏ 150 வாட் என்று அவற்றின் விபரக் குறிப்புகள் சொல்கின்றன. 105இற்கும் 150இற்கும் இடையிலான பணவித்தியாசம் பெரிது, காதுக்குக் கிடைக்கும் வித்தியாசமோ ஒன்றரை டெசிபெல் மாத்திரமே. வாட் இரட்டித்தால்தான் மூன்று டெசிபெல் கூடும். சத்தம் இருமடங்காகக் கேட்பதற்கு வாட் பத்து மடங்காகவேண்டும். எனவே 96 டெசிபெல் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு 150 வாட் தேவையில்லை, 88 டெசிபெல் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு அது காணாது. 93 டெசிபெல் அளவிலான ஸ்பீக்கருக்கு 140 வாட் கேட்கும் என்பதால், பெரிய ரிசீவர் கச்சிதமாகப் பொருந்தும் இடம் அது ஒன்றுதான்.

அங்கும் ஒரு நிபந்தனை உண்டு. இந்த எண்கள் யாவும் 8 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கர் பாரத்தில், இரண்டு சனல்கள் மாத்திரம் இயங்கும்போது அளக்கப்பட்டவை. ஒரே மின்மாற்றியை ஒன்பது சனல்கள் பங்குபோடும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது கணிசமாகக் குறையும். பொய்யான வாட் கணக்குகளைக் கட்டுப்படுத்துவதற்காக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 1974இல் விதி ஒன்றைக் கொண்டுவந்து, அதை 2024இல் புதுப்பித்தது. நம் கடைகளில் பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கும் பிஎம்பிஓ (கணநேர உச்ச) வாட்டை எந்த விதியும் தொடுவதாகத் தெரியவில்லை. அதைப் பொருட்படுத்தாமல் விடுவதே நல்லது.

அப்படியானால் ரிசீவரில் எதற்குப் பணம் கொடுக்கவேண்டும்? இரண்டு விடயங்களுக்கு. முதலாவது, எல்லாச் சனல்களின் ஒலியையும் வெளி அம்பிளிபயருக்கு அனுப்பும் பிரீ-அவுட் துவாரங்கள். நான் பெயர் சொன்ன மூன்றிலும் அவை இருக்கின்றன. டெனன் எக்ஸ்1700எச் போன்ற 80 வாட் ரிசீவரில் சப்வூபருக்கான வெளியீடு மாத்திரமே இருப்பதால், பின்னாளில் வெளி அம்பிளிபயர் பூட்ட நினைத்தால் ரிசீவரையே மாற்றவேண்டி வரும். இரண்டாவது, அறைக்கேற்ப ஒலியைச் சீர்செய்யும் வசதி. ஒன்கியோவில் டிராக் லைவ் என்ற சீர்செய்யும் மென்பொருள் கூடவே வருகிறது. டெனனில் ஓடிசி எக்ஸ்டி32 இருக்கிறது, டிராக்கைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கலாம். யமாஹா தன் சொந்த வைபிஏஓ முறையைப் பயன்படுத்துகிறது. இவற்றுள் தாழ்சுரத்தைச் சீராக்குவதில் டிராக்கையே நான் முன்னுக்கு வைப்பேன். சீமெந்து பூசிய சுவர், தரை முழுக்க மாபிள், கம்பளம் கிடையாது, யன்னலில் மெல்லிய சீலை என்று இருக்கும் நம் வீட்டு ஹோல்களில் கை தட்டினாலே எதிரொலி நிற்கும். அந்த எதிரொலியை எந்த மென்பொருளும் அழிக்காது. தடித்த திரைச்சீலையும் ஒரு பெரிய கம்பளமும் வாங்கிப் போட்டால், வசனங்கள் தெளிவாகக் கேட்டு, வொலியூமைக் கூட்டும் தேவையே பாதி குறைந்துவிடும்.

தனி அம்பிளிபயரிலும் இரண்டு சாதிகள் உண்டு. வீட்டுத் தியேட்டருக்கென்றே செய்யப்பட்ட பல்சனல் அம்பிளிபயர் பார்வைக்கு அழகானது, பெரும்பாலும் விசிறி இல்லாததால் சத்தமில்லாதது. ஆனால் இங்கே கிடைப்பது அரிது, பாரம் அதிகம், விலையும் அதிகம். மற்றது கோயில் திருவிழாவுக்கும் கலியாண மண்டபத்துக்கும் சவுண்ட் சேர்விஸ்காரர் கொண்டுபோகும் மேடை அம்பிளிபயர். உதாரணமாக கிரவுன் எக்ஸ்எல்எஸ் 1502 நான்கு கிலோ அளவு பாரத்தில், 8 ஓமில் சனலுக்கு 300 வாட் தருகிறது. ரிசீவரின் 105 வாட்டோடு ஒப்பிட்டால் இது நாலரை டெசிபெல் கூட. அறையில் நன்றாகவே தெரியும் வித்தியாசம். மேலதிகமாக, முன்பக்கப் பாரம் ரிசீவரை விட்டு இறங்குவதால், பக்க ஸ்பீக்கர்களுக்கும் மேல் ஸ்பீக்கர்களுக்கும் அது தாராளமாக மின் கொடுக்கும், சித்திரை வெக்கையிலும் அவ்வளவு கொதிக்காது. வாட்டுக்கு விலை பார்த்தால் மேடை அம்பிளிபயரை எதுவும் நெருங்க முடியாது. இவ்வகை உருப்படிகளைத் திருத்தத் தெரிந்தவர்களும் நம்மூரில் இருக்கிறார்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். விசிறி இரைச்சல் படத்தின் அமைதியான இடங்களில் கேட்கும் என்பதால், அதை வேறு அறையிலோ காற்றோட்டமுள்ள அலுமாரிக்குள்ளோ வைப்பது நன்று. உணர்திறன் கூடிய ஸ்பீக்கரில் மெல்லிய "ஸ்ஸ்" ஓசையும் எழலாம். அம்பிளிபயரின் முன்பக்கத்தில், பெருக்கும் அளவை மாற்றும் கெயின் குமிழை முழுதாகத் திறக்காமல் பாதியளவில் நிறுத்தி, பிறகு ரிசீவரின் மைக்கை வைத்து அளக்கவேண்டும். அந்த அளவீடு முன் சனல்களின் மட்டத்தை ரிசீவரின் ஆகக் கீழான எல்லையிலே (டெனனில் மைனஸ் பன்னிரண்டு டெசிபெல்) கொண்டுபோய் முட்டினால், குமிழை இன்னும் குறைத்து மீண்டும் அளக்கவேண்டும். "ம்ம்" என்ற உறுமல் வந்தால், புவித்தொடுப்பு (ஏர்த்) இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று பொருள். டிஷ் அன்ரெனாவின் வயரைக் கழற்றிப் பார்த்தாலே பெரும்பாலும் குற்றவாளி பிடிபடும். அதற்காகப் பிளக்கின் ஏர்த் பின்னை வெட்டுவது உயிராபத்து.

சப்வூபருக்குத் தன் சொந்த அம்பிளிபயர் இருப்பதால் அது இந்த ஒப்பீட்டுக்குள் வராது. ஆயினும் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதனிடம் ஒப்படைத்தால் மற்ற அம்பிளிபயர்கள் யாவும் இலேசாக மூச்சுவிடும். ஓட்டுக்கூரையும் திறந்த யன்னல்களும் உள்ள வீட்டில் தாழ்சுரம் வெளியே ஓடிவிடுவதால், ஒன்றுக்கு இரண்டு சப்வூபர் தேவைப்படலாம். அயல்வீட்டாரின் பொறுமையையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

வெளிநாட்டு உறவினர் மூலம் பொருள் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். இலண்டன், பாரிஸ், சுவிஸில் வாங்கிய ரிசீவர் நம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மின்னுக்கு நேரடியாகப் பொருந்தும். கனடாவில் வாங்கியது பெரும்பாலும் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ்; இங்கே நேரே குத்தினால் அந்தக் கணமே போய்விடும். ஸ்ரெப்-டவுண் மின்மாற்றி போட்டால் வேலை செய்யும். ஆனால் ரிசீவருக்குள்ளே 60 ஹேர்ட்ஸுக்கென்று சுற்றிய மின்மாற்றி அதே வோல்ட்டில் 50 ஹேர்ட்ஸில் ஓடும்போது அதன் உள்ளகத்தில் காந்தப் பாயம் ஐந்திலொரு பங்கு கூடுவதால், ரிசீவர் கூடுதலாகச் சூடாகும். ரொறன்ரோவில் மலிவாகக் கிடைத்ததென்று அண்ணை அனுப்பும் ரிசீவருக்கு, தாராளமான கொள்ளளவுள்ள மின்மாற்றியின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு அவ்வளவாக மிஞ்சாது. மேடை அம்பிளிபயரிலும் பின்தகட்டில் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணை வாசித்த பிறகே பணம் கொடுக்கவேண்டும்.

பழைய மேடை அம்பிளிபயரை வாங்குபவர், கடற்காற்றில் துவாரங்கள் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்து, ஸ்பீக்கரோடு அரைமணி நேரம் ஓடவிட்டு, இரண்டு சனல்களும் ஒரே அளவில் பாடுகின்றனவா, விசிறி தடையின்றிச் சுற்றுகிறதா என்று சோதிக்கவேண்டும். சவுண்ட் சேர்விஸ்காரர் தம் பழையதை விற்பது பெரும்பாலும் திருவிழாக் காலம் முடிந்த பிறகுதான்; அதுவரை ரிசீவரை மாத்திரம் வைத்துப் படம் பார்ப்பதில் ஒரு குறையுமில்லை.