மாதம் ஆயிரம் ரூபாய் பஸ் பாஸ்: பதற்ற நோயோடு சென்னையைச் சுற்றிய அனுபவம்

சென்னை மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் விற்கும் ‘விருப்பம் போல் பயணம்’ மாதச் சீட்டைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். இந்தப் பாஸைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் வரும் கேள்வி, ஆயிரம் ரூபாய்க்குக் கட்டுப்படியாகுமா என்பதுதான். அதற்கான பதில் எளிது. மாதத்தில் 25 நாள் வேலைக்குப் போகிறவருக்குப் போகவர 40 ரூபாய்க்கு மேல் செலவானால் பாஸ் இலாபம், அதற்குக் கீழே என்றால் நட்டம். நானோ வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருபவன். அலுவலகம் போய்வர வேண்டிய தேவை எனக்கு இல்லை. வீட்டை விட்டு வெளியே இறங்கவே முடியாமல் போன ஒரு காலத்தில், சிகிச்சையின் ஒரு பகுதியாகத்தான் இதை முதன்முதலில் வாங்கினேன். ஆகவே நான் எழுதுவது பணக் கணக்கை விட, மனத்துக்கு இந்தச் சீட்டு என்ன செய்தது, எதைச் செய்யவில்லை என்பதைப் பற்றியே.

விதிமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதந்தோறும் 7ஆம் தேதி முதல் 22ஆம் தேதி வரை விற்பார்கள். 16ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 15ஆம் தேதி வரை செல்லும். குளிர்சாதன வசதியில்லாத எல்லா மாநகரப் பேருந்துகளிலும், சாதாரணம், விரைவு, சொகுசு என்ற வேறுபாடில்லாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். 2025 மார்ச்சில் குளிர்சாதனப் பேருந்துகளையும் சேர்த்து 2000 ரூபாய்க்கு இன்னொரு சீட்டு வந்திருக்கிறது. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் கட்டணமே இல்லை என்பதால், அவர்களுக்கு இந்தச் சீட்டு சொகுசுப் பேருந்துகளில் அடிக்கடி போனால்தான் பயன்படும்.

எனக்கு வந்தது, பேனிக் அட்டாக் என்று இப்போது பரவலாகச் சொல்லப்படும் பதற்றத் தாக்கு. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், மூச்சு முட்டும், இதோ இப்போதே உயிர் போய்விடும் என்று உறுதியாகத் தோன்றும். இதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை என்று ஈ.சி.ஜி. முதலான பரிசோதனைகளில் தெரிந்த பிறகும் அந்தத் தோற்றம் விலகவில்லை. அதைவிடக் கொடியது, அடுத்தது எப்போது வருமோ என்ற பயம். கூட்டத்தில் வந்துவிட்டால், வழியில் வந்துவிட்டால், உடனே இறங்க முடியாத இடத்தில் வந்துவிட்டால் என்று யோசித்து யோசித்து, முதலில் மின்சார ரயிலை விட்டேன், பிறகு பேருந்தை விட்டேன், கடைசியில் தெருமுனைக் கடைக்குப் போவதையும் விட்டேன். மனநல மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்ததோடு உளவியல் ஆலோசகர் ஒருவரிடமும் அனுப்பினார். பயம் தெளிந்த பிறகு வெளியே போவது என்று காத்திருந்தால் பயம் வளரத்தான் செய்யும், பயப்படும் இடத்துக்குச் சிறிது சிறிதாகப் போய் அங்கேயே இருந்து பழக வேண்டும் என்பதுதான் அவர் சொன்னவற்றின் சாரம். தாக்கு எவ்வளவு கடுமையாக வந்தாலும் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானே இறங்கிவிடும் என்பதையும், இறங்கும்வரை அந்த இடத்தில் தங்கிப் பார்த்தால்தான் அதை மூளை நம்பத் தொடங்கும் என்பதையும் அவர் பலமுறை விளக்கினார்.

பாஸ் இந்த இடத்தில்தான் உதவியது. கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் எடுத்தவர் பாதி வழியில் இறங்கினால் பணம் வீண். மறுபடி ஏற இன்னொரு டிக்கெட். அந்தத் தொகை சிறியதுதான், சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 5 ரூபாய்தான். ஆனால் பயத்தில் இருக்கும் மனம், “எடுத்த டிக்கெட்டுக்குக்கூட உன்னால் போய்ச் சேர முடியவில்லை” என்று அதைத் தோல்வியாக எழுதி வைத்துக்கொள்கிறது. பாஸ் வைத்திருப்பவர் எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் அது பயணம் முடிந்த இடம்தான். ஐந்து நிமிடம் நிழலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் பின்னால் வரும் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். நினைத்தால் இறங்கலாம் என்று தெரிந்த பிறகு, ஏறுவதற்கு எனக்குத் துணிவு வந்தது.

நான் குடியிருப்பது பெரம்பூரில். அங்கிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி என் பயிற்சித் தடமானது. தொடக்கத்தில் ஓட்டேரி வரை போய்த் திரும்புவதே பெரிய காரியமாக இருந்தது. பிறகு புரசைவாக்கம், அதன் பின் நுங்கம்பாக்கம், ஜெமினி, மயிலாப்பூர் என்று நீண்டது. சில வாரங்கள் கழித்து ஆலோசகர் ஒரு நிபந்தனை போட்டார். பயம் வந்ததும் இறங்குவது என்பதே பழக்கமாகிவிட்டால், இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று மனம் தவறாகக் கற்றுக்கொள்ளும்; ஆகவே எந்த நிறுத்தம் என்பதை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு, நடுவில் என்ன வந்தாலும் அங்கே போய்த்தான் இறங்க வேண்டும் என்றார். பாஸின் மிகப் பெரிய வசதியே இரண்டாம் கட்டத்தில் தடையாகிவிடக்கூடும் என்பதை அவர் சொல்லாமல் நான் அறிந்திருக்க மாட்டேன். இதே நோக்கத்துக்காக வாங்க நினைப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

அந்தத் தடத்தில் எனக்குக் கடினமாக இருந்தது மந்தைவெளிக்கும் அடையாறுக்கும் நடுவே வரும் திரு.வி.க. பாலம். பாலத்தின் மேல் நிறுத்தம் கிடையாது. சிக்னலுக்காக வண்டிகள் பாலம் வரை தேங்கி நின்றால் முன்னும் போக முடியாது, இறங்கவும் முடியாது. அப்படி நின்ற ஒரு முற்பகலில் படபடப்பு ஏறத் தொடங்கியது. ஆலோசகர் சொல்லிக் கொடுத்தபடி, அதை விரட்ட முயலாமல், கண்ணில் படுவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்: முன் இருக்கையின் பின்பக்கம் யாரோ சாவியால் கீறிய பெயர், கண்டக்டரின் தோல்பைக் காதில் சுற்றியிருந்த ரப்பர் பேண்டு, கழிமுகப் பக்கம் தாழப் பறந்த கொக்கு. பேருந்து பாலத்தைத் தாண்டி அடையாறு நிறுத்தத்துக்கு வந்தபோது படபடப்பு பாதியாகக் குறைந்திருந்தது. எழுதி வைத்திருந்த இடம் பெசன்ட் நகர் என்பதால் இறங்காமல் அங்கேயே போனேன்.

மனிதர்களும் உதவினார்கள், பெரும்பாலும் உதவுகிறோம் என்று அறியாமலேயே. பாரிமுனையிலிருந்து மயிலாப்பூர்ப் பக்கம் போகும் பேருந்தில் ஒரு முறை உட்கார்ந்திருந்தபோது, பூக்கூடையோடு ஏறிய ஓர் அம்மா, “தம்பி, இதைக் கொஞ்சம் மடியில வச்சுக்கோப்பா, சாஞ்சுடும்” என்று என்னைக் கேட்காமலேயே கூடையை இறக்கிவிட்டார். ஈரத் துணி போர்த்திய மல்லிகைச் சரம்; அதன் குளிர்ச்சி பேண்டைத் தாண்டித் தொடையில் இறங்கியது; நீர் சொட்டிச் செருப்பு நனைந்தது. கூடை சரியாமல் பிடிப்பதிலேயே கவனம் இருந்ததால், வழக்கமாகப் பயம் தட்டும் இடங்கள் எப்போது கடந்தன என்றே தெரியவில்லை. “நல்லா இருப்பா” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். என்னால் ஒருவருக்கு ஒரு வேலை ஆயிற்று என்பது அந்த நாள்களில் எனக்கு எவ்வளவு பெரியது என்பதை, நோயில் முடங்கிக் கிடந்தவர்கள் அறிவார்கள்.

பேச விருப்பமே இல்லாத நாள்களிலும் பாஸ் கைகொடுத்தது. டிக்கெட் எடுப்பதென்றால் இடம் சொல்ல வேண்டும், சில்லறை தேட வேண்டும், “எங்க சார்?” என்ற கேள்விக்கு இரைச்சலுக்கு மேல் குரலெழுப்பிப் பதில் சொல்ல வேண்டும். மனச்சோர்வு அழுத்தும்போது இவ்வளவும் மலைப்பாக இருக்கும். “பாஸ்” என்ற ஒரு சொல்லோடு அட்டையைக் காட்டினால் கண்டக்டர் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். எங்கே போகிறோம் என்று யாருக்கும், சில நேரம் எனக்கே, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்படித்தான் சின்னச் சின்னத் துணிகரங்கள் தொடங்கின. வழக்கமான தடத்தில் பயம் அடங்கிய பிறகு, கேள்விப்பட்டிராத ஊர்ப்பெயர் பலகையில் தெரிந்தால் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்ப் பார்ப்பது வாரத்துக்கொரு வழக்கமானது. இவற்றில் நான் மிகவும் பரிந்துரைப்பது தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போகும் 515. வண்டலூர், கண்டிகை, மாம்பாக்கம், கேளம்பாக்கம், திருப்போரூர் என்று நகரம் மெல்லக் கழன்று ஏரியும் வயலும் தெரியத் தொடங்கும். ஊரைத் தாண்டிப் போய்விட்டோம் என்ற உணர்வு வந்தாலும் அது மாநகரப் பேருந்துதான் என்பதால் அதே பாஸ் செல்லும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். அர்ச்சுனன் தபசுப் பாறையோ சாலையோரத்திலேயே இருக்கிறது, கட்டணமின்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். பெரிய யானையின் அருகே, முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்வது போல் நிற்கும் பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் தேடிப் பாருங்கள். அந்தச் சிறிய பூனையின் விலா எலும்பைக் கூட அந்தச் சிற்பி விடவில்லை. அங்கே நின்று பார்த்த அரை மணி நேரத்தில் என் நாடித்துடிப்பை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதைத் திரும்பும் வழியில்தான் உணர்ந்தேன். அதற்கு முன்பெல்லாம் ஓயாமல் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

நடைமுறையில் கற்றவை சில. காலை எட்டிலிருந்து பத்தரை வரை கூட்டம் நெரியும். பழகத் தொடங்குபவர்கள் பதினொரு மணிக்குப் பிறகு கிளம்புவது நல்லது. காலையில் தெற்கே போகும்போதும் மாலையில் வடக்கே திரும்பும்போதும் வெயில் இடப்பக்கத்தில்தான் விழும், ஆகவே ஓட்டுநர் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தால் இரு வேளையும் நிழல் கிடைக்கும். மெட்ரோ பணிகளுக்காக வழி மாற்றிவிடுவது உண்டு என்பதால், பழகிய நிறுத்தம் வராவிட்டால் திகைக்க வேண்டாம்; சென்னை பஸ் செயலியில் பேருந்து எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். 2024 முதல் ஓடும் தாழ்தளப் பேருந்துகளில் படி ஏறும் சிரமம் இல்லை, மூட்டுவலி உள்ள என் அம்மாவை அவற்றில்தான் அழைத்துப் போகிறேன். வடகிழக்குப் பருவமழை நாள்களில் பழைய பேருந்துகளின் ஷட்டர்களை எல்லாரும் இறக்கிவிடுவார்கள்; உள்ளே இருட்டும் புழுக்கமுமாக இருக்கும். மூச்சு முட்டும் உணர்வுக்கு அஞ்சுபவர்களுக்கு அது கடினமான நேரம். நான் அந்த வாரங்களில் தூரத்தைக் குறைத்துக்கொண்டு, போவதை மட்டும் நிறுத்தாமல் இருக்கிறேன்.

இது சிகிச்சைக்கு மாற்று இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பாஸோடு மருந்தும் இருந்தது, ஆலோசகரும் இருந்தார். மருந்தின் அளவைக் குறைத்தது மருத்துவர்தான், நானாக அல்ல. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் முதல் முறை வந்தால் அதை மனம் சார்ந்தது என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய இந்தச் சேவை இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலும் கிடைக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. 1794இல் தொடங்கி, இன்று கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மனநலக் காப்பகத்திலும் வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள். எழுந்து குளிக்கவே முடியாத அளவுக்குச் சோர்வு இருக்கும் ஒருவரிடம் பாஸ் வாங்கிக் கொடுத்து வெளியே போ என்று சொல்வது உதவியாகாது. அவருக்கு முதலில் மருத்துவர் வேண்டும், கூடவே உட்கார ஒருவர் வேண்டும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், வெளியே போகக் காரணம் குறைந்துபோனவர்களுக்கு: வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், மருத்துவரின் யோசனையோடு பயத்தைப் பழக்கிக்கொண்டிருப்பவர்கள். முதலில் ஒரு மாதம் மட்டும் வாங்கிப் பாருங்கள், அதுவும் தை, மாசி போன்ற வெயில் தணிந்த மாதமாக இருக்கட்டும். 2000 ரூபாய்ச் சீட்டுக்கு மாறலாமா என்று நானும் யோசித்தேன். குளிர்சாதனப் பேருந்தில் சன்னல் திறக்காது. எனக்கு இன்னும் முகத்தில் காற்று படுவது தேவையாக இருப்பதால் ஆயிரம் ரூபாய்ச் சீட்டிலேயே தொடர்கிறேன். வரும் கத்திரி வெயிலில் ஒரு மாதம் மட்டும் அதை வாங்கி, மூடிய சன்னலோடு குறுகிய தூரங்களாகப் பழகிப் பார்க்கலாம் என்று ஆலோசகரிடம் பேசி வைத்திருக்கிறேன்.